வறுமை காத்த லாவெனம்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள லாவெனம் என்ற சிறிய சந்தையூரில், கோணலாகச் சாய்ந்த மரச்சட்ட வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. பழமையைப் போற்றியதால் இவை தப்பின என்பார்கள். காசில்லாமல் போனதால்தான் தப்பின என்பேன். 1257இல் சந்தை உரிமை பெற்ற ஊர், பின்னர் நீலக் கம்பளித் துணி விற்றுக் கொழித்தது. 1524-25 வரிப் பதிவின்படி இங்கிலாந்தின் செல்வ ஊர்களில் அதற்கு 14ஆவது இடம்! துணி வணிகர் தாமஸ் ஸ்பிரிங் குடும்பம் அள்ளிக் கொடுக்க, தேவாலயக் கோபுரம் ஏறத்தாழ 141 அடி உயர்ந்தது. பிறகு, கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு அகதிகள் நெய்த மெல்லிய, மலிவான துணிகள் சந்தையைப் பிடிக்க, லாவெனம் நொடித்தது. மற்ற ஊர்களின் வசதிக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் வீட்டு முகப்பைச் செங்கல்லுக்கு மாற்றினார்கள். இங்கே பெரும்பாலோர் ஒட்டுப்போட்டே காலம் தள்ளினார்கள். 1529 வாக்கில் எழுந்த கில்டு (சங்க) மண்டபம்கூடப் பின்னாளில் சிறையாகவும் ஏழைகளின் வேலைக்கூடமாகவும் ஆனது.

ஏழை ஊர்கள் எத்தனையோ இடிந்து மறைந்தனவே என்று கேட்கலாம். நியாயம்தான். வறுமை இடிக்க விடாதே தவிர, பழுதுபார்க்காது. அதற்குப் பணக்காரர் ஒருவர் வர வேண்டியிருந்தது: 1887இல் கத்பர்ட் குவில்டர் கில்டு மண்டபத்தை வாங்கிச் சீர்ப்படுத்தினார். ஆனால் அவர் வந்தபோது சீர்ப்படுத்த ஏதோ மிஞ்சியிருந்ததே, அது முந்தைய வறுமையின் கொடை. 1951இல் மண்டபம் பழம்பெரும் இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் போனது.