முகத்தில் தடவும் களிம்பும் ஹோம்ஸ்பர்க் சிறையும்

சென்ற கோடையில் ஒரு மாணவியர் விடுதிக்குக் கல்வி உதவித்தொகை பற்றிப் பேசப் போயிருந்தோம். கூட்டம் கலைந்த பிறகும் ஒரு தங்கை மட்டும் துப்பட்டாவால் முகத்தைப் பாதி மூடியபடி நின்றுகொண்டிருந்தாள். பருவுக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய ட்யூப் ஒன்றை எட்டு மாதமாகத் தடவி வருகிறாளாம். முதலில் முகம் உரிந்தது. பிறகு வெளுத்தது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். இப்போது வெயிலில் இறங்கினால் எரிகிறது, கன்னம் சிவந்து கருந்திட்டு விழுகிறது. நிறுத்தினாலோ பரு முன்னைவிட அதிகமாகக் கிளம்புகிறது. "அக்கா, இதை விடணுமா, தொடரணுமா?" என்று கேட்டாள்.

ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அவளை அழைத்துப் போனோம். மருத்துவம் சொல்வது மருத்துவர் வேலை. ஆனால் அந்த மூன்றில் நடுவில் இருக்கும் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. அது நம் வரலாற்றுக்கு அயலானதல்ல என்பதால் இதை எழுதுகிறோம்.

ட்ரெட்டினாயின் என்பது வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் அமிலம். ரெட்டினாய்டு எனப்படும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. தோல் செல்களின் உட்கருவுக்குள் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு, செல்கள் பிறந்து மேலே வந்து உதிரும் வேகத்தைக் கூட்டுகிறது. துளைகள் அடைபடாததால் பரு குறைகிறது. 1962-லேயே ஜெர்மானிய மருத்துவர் குந்தர் ஸ்டுட்கென் இதைத் தோல் நோய்களுக்குத் தடவிப் பார்த்தார். எரிச்சல் அதிகமாக இருந்ததால் அது பெரிதாகப் பரவவில்லை. அதைக் கையிலெடுத்துப் பரு மருந்தாக்கி உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன்.

எரிச்சலூட்டும் ஒரு மருந்தை, எவ்வளவு தடவினால் எவ்வளவு உரியும் என்று பார்ப்பதற்கு ஆட்கள் வேண்டுமே. க்ளிக்மனுக்கு ஆட்கள் இருந்தார்கள். ஃபிலடெல்பியா நகரின் வடகிழக்கில் 1896-இல் திறக்கப்பட்ட ஹோம்ஸ்பர்க் சிறை அது. 1951-இல் கைதிகளிடையே பரவிய பாதப் பூஞ்சை நோயைப் பார்க்க அழைக்கப்பட்டு அவர் உள்ளே போனார். பிற்பாடு ஒரு பத்திரிகையாளரிடம் அந்த முதல் நாளை நினைவுகூர்ந்தபோது, தன் கண்ணில் பட்டது ஏக்கர் கணக்கில் தோல்தான் என்றும், வளமான வயலை முதன்முதலாகப் பார்க்கும் விவசாயியைப் போல உணர்ந்ததாகவும் சொன்னார். எதிரே நின்ற மனிதர்களை அவர் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தார்.

1974 வரை அந்த வயலில் விளைச்சல் நடந்தது. ஷாம்பு, குளியல் நுரை, வாசனைப் பொருள்கள், களிம்புகள் என்று பல நிறுவனங்களின் பொருள்கள் கைதிகளின் முதுகில் சோதிக்கப்பட்டன. ஜான்சன் அண்ட் ஜான்சன் அவற்றில் ஒன்று. டவ் கெமிக்கல் பணம் கொடுக்க, டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் கைதிகளின் தோலில் தடவப்பட்டது. அமெரிக்க ராணுவம் மனத்தைக் குலைக்கும் வேதிப்பொருள்களைச் சோதித்தது. 1971-இல் சிறையில் எழுத்தறிவு ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த ஆலன் ஹார்ன்பிளம், முதுகெங்கும் சதுரம் சதுரமாகப் பிளாஸ்திரி ஒட்டிய மனிதர்களைக் கண்டு திகைத்தார். சண்டையில் அடிபட்டவர்கள் என்றே முதலில் எண்ணினாராம். பல ஆண்டுகள் ஆவணங்களைத் தேடி, கைதிகளைச் சந்தித்து, 1998-இல் அவர் எழுதிய நூல்தான் இந்தக் கதையை வெளியே கொண்டுவந்தது. எட்வர்ட் 'யூசஃப்' ஆந்தனி என்ற முன்னாள் கைதியின் அனுபவத்தை 2007-இல் தனி நூலாகவே எழுதினார்.

ஹோம்ஸ்பர்க்கில் இருந்தவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். குற்றம் நிரூபிக்கப்படாமல், பிணைத்தொகை கட்ட வழியில்லாமல் விசாரணைக்குக் காத்துக் கிடந்தவர்கள் அவர்களில் பலர். சிறைக்குள் மற்ற வேலைகளுக்கு நாள் கூலி சில சென்ட்டுகள். சோதனைக்கு முதுகைக் கொடுத்தால் டாலர்கள். அந்தப் பணத்தில் சிலர் பிணை கட்டினார்கள், சிலர் வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கப்பட்டது. ஆகவே அது சம்மதம் என்று க்ளிக்மன் தரப்பு கடைசிவரை வாதிட்டது. அன்றைய வழக்கப்படியே நடந்தேன் என்றார் அவர். நாஜி மருத்துவர்களைத் தண்டித்து, சுயவிருப்பமான சம்மதம் இல்லாமல் மனிதர்மீது சோதனை கூடாது என்று நியூரம்பர்க் விதிகள் எழுதப்பட்டது 1947-இல். நான்கே ஆண்டுகள் கழித்து ஹோம்ஸ்பர்க் தொடங்குகிறது. எது அன்றைய வழக்கம்?

கையெழுத்துச் சம்மதம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? 2009-10-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. யாருடைய உடலுக்கு யார் கையெழுத்திடுகிறார்கள் என்பதுதான் இங்கே நம் கேள்வி.

சமூகவியல் படித்தவர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியவில்லை. ஹோம்ஸ்பர்க் திறக்கப்பட்ட அதே 1896-இல், அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகம் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் என்ற இளம் கறுப்பின அறிஞரை ஃபிலடெல்பியாவின் ஏழாவது வட்டத்தை ஆராய நியமித்தது. வீடு வீடாக ஏறி இறங்கி அவர் எழுதிய நூல் 1899-இல் வந்தது. ஆனால் அவருக்கு வகுப்பெடுக்கும் பொறுப்பைக்கூட அந்தப் பல்கலைக்கழகம் தரவில்லை. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டுபாய்ஸுக்குத்தான். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையிடம் அளித்த மனுவின் பிரதியை அவர் கேட்டிருந்தார். ஒரே ஊர், ஒரே பல்கலைக்கழகம். கறுப்பின மக்களைக் கதவைத் தட்டி விசாரித்து மனிதராக எழுதியவருக்கு அங்கே இடமில்லை. அவர்களை வயலாகப் பார்த்தவருக்குப் பேராசிரியர் நாற்காலி.

ட்ரெட்டினாயின் பற்றிய க்ளிக்மனின் கட்டுரை 1969-இல் வந்தது. 1971-இல் பரு மருந்தாக ரெட்டின்-ஏ என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு வெயிலால் முதிர்ந்த தோலின் சுருக்கத்தையும் இது குறைக்கிறது என்று கண்டறியப்பட்டது. 1988-இல் அது பெரிய செய்தியாகி விற்பனை எகிறியது. பணம் பெருகியதும் காப்புரிமை யாருக்கு என்று பல்கலைக்கழகமே வழக்குத் தொடுத்தது, பிறகு சமரசம் ஆயிற்று. முதுகைக் கொடுத்தவர்களின் பெயர் அந்தச் சமரசத்தில் இல்லை. 2000-இல் ஏறத்தாழ 300 முன்னாள் கைதிகள் வழக்குப் போட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. க்ளிக்மன் 2010-இல் இறந்தார். பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021-இலும் ஃபிலடெல்பியா நகர நிர்வாகம் 2022-இலும் மன்னிப்புக் கேட்டன. இழப்பீடு கேட்டுப் போராட்டம் தொடர்கிறது.

இனி அந்தத் தங்கையின் முகத்துக்கு வருவோம்.

முதல் காலத்தில் தோல் சிவந்து உரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. இன்றும் நம் பிள்ளைகள் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு அழுத்தித் தேய்க்கிறார்கள். அது தவறு என்று 1995-இல் வந்த ஒரு ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. 0.1 சதவீதக் களிம்பையும் 0.025 சதவீதக் களிம்பையும் 48 வாரம் தடவச் செய்ததில், வெயில்பட்ட தோலில் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றுதான். எரிச்சல் மட்டும் குறைந்த அளவில் மிகக் குறைவு.

நம் போன்ற கருந்தோலுக்கு இது இன்னும் முக்கியம். கருந்தோலில் எங்கே அழற்சி வந்தாலும் அது ஆறும்போது கருந்திட்டை விட்டுச் செல்லும். 1993-இல் 54 கறுப்பின நோயாளிகளிடம் 40 வாரம் நடந்த ஆய்வில் ட்ரெட்டினாயின் கருந்திட்டுகளைக் குறைத்தது. ஆனால் அதைத் தடவியவர்களில் பாதிப் பேருக்குத் தோல் அழற்சியும் வந்தது. திட்டைப் போக்கும் மருந்தை அளவு மீறித் தடவினால் அதே மருந்து திட்டை உண்டாக்கும் என்றுதான் இதை நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

மருத்துவர் எழுதிக் கொடுத்து இதைத் தடவுகிறவர்கள் சில மாற்றங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் சில வாரங்களில் மூக்கோரம், வாயோரம் வறண்டு உரியும். பரு கொஞ்சம் கூடவும் செய்யும். பலன் தெரிய எட்டுப் பன்னிரண்டு வாரம் ஆகும். இரவில் மட்டும், முகம் கழுவி நன்றாக உலர்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். முன்னோ பின்னோ ஈரப்பதக் களிம்பு ஒன்றைத் தடவலாம். மூக்கோரத்துக்கும் வாயோரத்துக்கும் பெட்ரோலியம் ஜெல்லி விலை குறைந்த காவல். எலுமிச்சைச் சாறு, கடலைமாவுத் தேய்ப்பு, முகத்தில் வேக்ஸிங் எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். வெயில் தாங்காது. சன்ஸ்கிரீன் நல்லது, ஆனால் மாதாமாதம் வாங்கப் பணமில்லாதவரிடம் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநியாயம். (மலிவானவை பல நம் நிறத்தின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் நிற்கும் என்பது தனிக் கொடுமை.) குடை, தொப்பி, துப்பட்டா உதவும். கருவுற்றிருப்பவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கொப்புளமோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும்.

நீண்டகாலம் தடவினால் தோல் மெலிந்துபோகும் என்று சொல்வார்கள். ட்ரெட்டினாயின் மேலே இருக்கும் செத்த அடுக்கைத்தான் இறுக்கமாக்குகிறது. அதன் கீழுள்ள உயிருள்ள அடுக்கு தடிக்கிறது. தோலை உண்மையில் மெலியச் செய்வது ஸ்டீராய்டு. இங்கேதான் அந்த மூன்று பெயர் ட்யூபின் சூழ்ச்சி இருக்கிறது. 1975-இல் க்ளிக்மனும் வில்லிஸும் தோலின் நிறத்தை நீக்க ஒரு கலவையை வெளியிட்டார்கள். 5 சதவீத ஹைட்ரோகுயினோன், 0.1 சதவீத ட்ரெட்டினாயின், 0.1 சதவீத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மங்கு போன்ற நோய்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் தடவ வேண்டியது. அதன் வழிவந்த கலவைகள் ஸ்டீராய்டை மட்டும் மாற்றிக்கொண்டு நம் ஊரில் சிவப்பழகுக் களிம்பாக மெடிக்கலில் கைமாறுகின்றன. ஸ்டீராய்டு முதலில் எரிச்சலை மறைத்து முகத்தைப் பளபளப்பாக்கும். மாதக்கணக்கில் போனால் சிவப்பு, மெலிவு, மெல்லிய முடி வளர்ச்சி, நிறுத்தினால் சீறி எழும் பரு. 2018-இல் ஒன்றிய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் பட்டியலில் இருக்கிறது. ட்யூப் கவுண்டரில் இருக்கிறது.

அதை வாங்க ஆள் இருப்பது ஏன் என்று நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துணிக்கடை வேலைக்குப் போனால் நிறம் பார்க்கிறார்கள். பெண் பார்க்க வந்தால் நிறம் பார்க்கிறார்கள். நிறத்தை வைத்தே சாதியை ஊகிக்கும் கண்கள் வகுப்பறையிலும் உண்டு. பருவுக்கு மருந்து கேட்கப் போன பிள்ளையிடம் கடைக்காரர் வெளுக்கும் மருந்தைக் கொடுத்ததும், வெளுத்ததும் வீடே மகிழ்ந்ததும் தற்செயல் அல்ல.

மருத்துவர் அவளுடைய ட்யூபைப் படிப்படியாக நிறுத்தி, சில மாதம் ஈரப்பதக் களிம்பும் நிழலும் மட்டும் என்று வைத்தார். சிவப்பு அடங்கிய பிறகே ட்ரெட்டினாயினைத் தனியாக, 0.025 சதவீதத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கினார். திட்டுகள் இன்னும் முழுதாகப் போகவில்லை. துப்பட்டா இப்போது தோளில் கிடக்கிறது. அடுத்த மாதம் அதே விடுதிக்கு மறுபடியும் போகிறோம். இந்த முறை எல்லோரையும் அவரவர் ட்யூபைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். பின்பக்கப் பொடி எழுத்தை அந்தத் தங்கையே படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.