பாலைவனக் கம்அத்தும் பதுளை மலைக் காளானும்



மழை ஓய்ந்ததும் பதுளை, பசறை, ஹாலிஎலத் தோட்டங்களில் காளான் முளைக்கிறது. அதைக் கண்டதும் நம்மில் சிலருக்கு, ஸஈத் இப்னு ஸைத் (ரழி) அவர்கள் அறிவித்து, கி.பி. 870இல் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்த நபிமொழி நினைவுக்கு வரும். கண்ணுக்கு நிவாரணமாக அதில் கூறப்படும் 'கம்அத்' தமிழில் 'காளான்' என்றே பெயர்க்கப்பட்டுள்ளது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கம்அத்துக்குக் குடையுமில்லை, தண்டுமில்லை. அரேபியப் பாலையில் சிறு செடிகளின் வேரோடு உறவு கொண்டு, மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போல் திரள்வது அது. இடிமழைக்குப் பின் விளைவதால் அரபிகள் 'இடியின் மகள்' என்றனர். மண் வெடித்த இடம் பார்த்துத் தோண்டுவர். மணல் போகப் பன்முறை கழுவி, தோல் சீவி, இறைச்சியோடும் சோற்றோடும் சமைப்பர். பத்தாம் நூற்றாண்டுப் பக்தாத் சமையல் நூலிலும் அதற்கு இடமுண்டு. குவைத்தில் பணிபுரிந்து திரும்பிய ஊவாச் சகோதரிகள் 'ஃபகா' என்ற பெயரில் இதனை அறிந்திருக்கக்கூடும்.

ஆகவே, மலைக்காளானைப் பிழிந்து கண்ணிலிட அந்நபிமொழி ஆதாரமாகாது. அறியாத காளானைப் பிள்ளைகள் பறித்து வந்தால் உலையிலும் இடாதீர்கள். சிலவற்றின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. உண்டு அரைநாள் கழிந்தே வாந்தி தொடங்கும், அதற்குள் ஈரல் பழுதாகத் தொடங்கியிருக்கும்.