ரோஜாவின் மீது விழுந்த பழி

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபு மொழியில் எழுதப்பட்ட சிறு மருத்துவ நூலொன்றின் தலைப்பு விசித்திரமானது. வசந்த காலத்தில் ரோஜாவை முகரும்போது அபூ ஸைத் அல்-பல்கீக்குத் தடிமன் ஏற்படுவதன் காரணம் பற்றியது என்பதே அத்தலைப்பின் பொருள். எழுதியவர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸி (865–925). ரய் நகரிலும் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குத் தலைமை தாங்கியவர். நம்மவர்கள் ராஸியைப் பற்றி எழுதும்போது, பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறு பிரித்துக் காட்டினார் என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஒவ்வாமைத் தடிமன் பற்றி உலகுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அவருடையது என்பதைச் சொல்வோர் குறைவு.

அத்தலைப்பைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். நோயாளி யார், எந்தப் பருவத்தில், என்ன நோய், எதனை நெருங்கியபோது என்ற நான்கும் அதிலேயே உண்டு. இன்றைய வைத்தியர் இத்தகைய நோயாளியிடம் முதலில் விசாரிப்பதும் இவற்றைத்தான். உடலின் நான்கு திரவங்களைக் கொண்டே எல்லா நோய்களையும் விளக்கிய காலம் அது. ராஸியும் அந்தக் கல்வியில் வளர்ந்தவரே. ஆயினும், ஒரு மனிதருக்கு ஒரு பருவத்தில் ஒரு பூவினால் மட்டும் இப்படி வருகிறது என்பதை அற்ப விடயமாகத் தள்ளிவிடாமல், அதற்கென்றே ஒரு நூல் எழுதினார்.

நோயாளியும் சாதாரணமானவர் அல்லர். பல்க் பிரதேசத்தைச் சேர்ந்த அபூ ஸைத், புவியியலில் ஒரு பரம்பரையையே தோற்றுவித்த அறிஞர். உடல் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஆராய்ந்து நூல் எழுதியவர். அவரது தந்தை சிறுவர்களுக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ரோஜா குற்றவாளிதானா? பெரும்பாலும் இல்லை. ரோஜாவின் மகரந்தம் பாரமானது. வண்டும் தேனீயுமே அதைச் சுமக்கின்றன. காற்றிலே பறந்து மூக்கிற்குள் நுழைவது புற்களினதும் மரங்களினதும் மகரந்தம். ரோஜா மலரும் நாட்களிலேயே அவையும் பறப்பதால், கண்ணுக்குத் தெரிந்த அழகான பூவின் மீது பழி விழுந்தது. 1565இல் இத்தாலியரான பொட்டாலோ இதையொத்த நோயாளிகளைப் பற்றி எழுதியபோதும் பழி ரோஜாவுக்குத்தான்.

1819 மார்ச் 16ஆம் திகதி இலண்டன் மருத்துவச் சங்கமொன்றில் ஜோன் பொஸ்டொக் என்னும் வைத்தியர் ஒரு நோயாளியின் கதையை வாசித்தார். எட்டு வயது முதல் ஒவ்வொரு கோடையிலும் கண் அரித்துச் சிவக்கும், தும்மல் நிற்காது, நெஞ்சு இறுகும். அந்த நோயாளி வேறு யாருமல்லர், அவரேதான். ஊரார் உலர்த்திய புல்லின் பெயரால் இதனை 'ஹே ஃபீவர்' என்றனர். பொஸ்டொக்கோ புல்லைக் குற்றஞ்சாட்ட மறுத்து, வெயிலையும் சூட்டையுமே காரணமாகக் கொண்டார். 1828இல் இருபத்தெட்டுப் பேரின் விபரங்களைச் சேர்த்து மீண்டும் எழுதினார். அதிலே ஒரு செய்தி என்னை உறுத்துகிறது: இந்நோய் வசதியுள்ளோரிடமே காணப்படுகிறது, ஏழைகளிடம் ஐயமற்ற ஒரு நோயாளியைக்கூடத் தாம் அறியவில்லை என்கிறார். தும்மலுக்காக வைத்தியரிடம் போகக்கூடிய ஏழை அன்றைய இங்கிலாந்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மர்மத்தை அவிழ்த்தவர் மன்செஸ்டர் வைத்தியரான சார்ள்ஸ் பிளக்லி. அவருக்கும் இதே நோய். புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கில் தாமே இட்டார். கையின் தோலைச் சுரண்டி அதில் தேய்த்து வீக்கத்தைக் கவனித்தார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளை வெளியே வைத்து, விழுந்த மகரந்தத்தை எண்ணினார். போதாதென்று பட்டத்திலே கட்டி வானத்துக்கும் அனுப்பினார்! 1873இல் அவரது நூல் வெளியானது. புல்லுக்குள்ளேயே வாழும் விவசாயிகளிடம் நோய் அரிதாக இருப்பது அவரையும் குழப்பியது.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவின் பிர்கே. 1966இல் இஷிஸாகா தம்பதியர் தம் முதுகுத் தோலிலேயே ஊசி போட்டுப் பார்த்து, இதன் பின்னாலிருக்கும் பிறபொருளெதிரியை இனங்கண்டனர். ஐ.ஜி.ஈ. என்பது அதன் பெயர். தீங்கற்ற தூசியை எதிரியென்று உடல் தவறாகக் கருதும்போது, மூக்கின் உட்தோலிலுள்ள சில கலங்கள் ஹிஸ்டமினை அவிழ்த்துவிடுகின்றன. மூக்கினுள் இருபுறமும் சுருண்டிருக்கும் மேடுகளில் இரத்தம் தேங்கி வீங்க, வழி அடைபடுகிறது. காரணம் நாள்தோறும் வீட்டிலேயே இருந்தால் வீக்கமும் வடிவதில்லை. நாம் பீனிசம் என்று சொல்லிவருவதில் இதுவும் அடங்கும். அடைப்பைத் திறக்கும் துளி மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விட்டால், அதனாலேயே வீக்கம் திரும்பும்.

வீட்டிலிருக்கும் காரணம் எது என்பது 1964இல் நெதர்லாந்தில் வூர்ஹோர்ஸ்ட் குழுவினரால் தெளிவானது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணி அது. ஈரக்காற்றுள்ள நம் நாட்டில் அதற்குக் குறைவில்லை. அது பணக்காரரின் மெத்தை, ஏழையின் பாய்த் தலையணை என்று பார்ப்பதுமில்லை.

இவ்விடத்தில் என் வகுப்பறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் ஐந்தாந்தரத்தில் ஒரு மாணவன். வாயைத் திறந்தபடியே இருப்பான். கண்ணுக்குக் கீழே கருமை. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருந்தது. முதற் பாடவேளையிலேயே தூங்கி விழுவான். நான் வெண்கட்டியால் எறிந்ததுண்டு, வெளியே நிறுத்தியதுமுண்டு. லேஞ்சி கொண்டு வராததற்கும் ஏசியிருக்கிறேன். ஒருநாள் அவனது உம்மா வந்து, "சேர், இவன் ராவெல்லாம் மூச்செடுக்க ஏலாமல் எழும்பி இருக்கான்" என்றார். நான்தான் கிளினிக்கிற்குக் கூட்டிப்போகச் சொன்னேன். மூக்கிற்கு அடிக்கும் மருந்து கொடுத்தார்கள். தலையணையை மாற்றி, உறைகளைச் சுடுநீரில் கழுவச் சொன்னார்கள். மறுதவணையில் அவன் முன் வாங்கிலே இருந்து வாய்மூடி வாசித்தான்.

அவனது தேர்ச்சி அறிக்கையை அதன்பின் எடுத்துப் பார்த்தேன். அதற்கு முந்திய மூன்று தவணைகளிலும் 'சோம்பல்' என்றே எழுதியிருந்தது. என் கையெழுத்துத்தான்.