ஈஸாகோஜியும் அல்-ஹிலால் தலையங்கங்களும்

மத்ரஸாக்களில் மந்திக் எனப்படும் தருக்கக் கலைக்கு முதற்பாடமாக ஓதிக் கொடுக்கப்படும் சிறுநூல் ஈஸாகோஜி. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அதீருத்தீன் அப்ஹரி இயற்றியது. இந்நூலின் இறுதிப் பக்கங்களை எட்டும்போது பெரும்பாலும் ஷஃபான் மாதமும் வந்துவிடும். ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் மாணவர் இருக்க, பாடத்தை முடிக்கும் அவசரத்தில் உஸ்தாது இருப்பார். எனக்கும் அப்பக்கங்கள் அவ்வாறே ஓடிப்போயின. அவற்றின் அருமையை உணரப் பல ஆண்டுகள் சென்றன.

ஒரு வாதம் எத்தகைய முன்கூற்றுகளிலிருந்து எழுகிறதோ, அதற்கேற்ப அது ஐந்து வகைப்படும் என்பதே அங்குக் கூறப்படும் செய்தி. ஐயத்துக்கு இடமில்லாத உண்மைகளிலிருந்து எழுவது புர்ஹான். உலகோரோ எதிர்வாதியோ ஒப்புக்கொண்டவற்றை வைத்துக் கட்டுவது ஜதல். நம் மதிப்புக்குரியவர் சொன்னார் என்பதற்காகவே ஏற்கப்படுவது கிதாபத், அதாவது சொற்பொழிவாளரின் முறை. உள்ளத்தை விரியவோ சுருங்கவோ செய்யும் கற்பனை ஷிஃர். தேனைப் பார்த்து, ‘இது வண்டு கக்கிய கசப்பு’ என்றால் நாவில் வைக்குமுன்பே முகம் சுளிக்கிறதல்லவா, அதுதான். உண்மையின் வேடம் பூண்ட பொய் முகாலதா. சுவரில் தீட்டிய குதிரைப் படத்தைக் காட்டி, ‘இது குதிரை, குதிரையெல்லாம் கனைக்கும், ஆகவே இதுவும் கனைக்கும்’ என்று முடிப்பதை அதற்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர்கள் சொல்வார்கள்.

பத்திரிகைத் தலையங்கங்களைப் படிப்பதற்கு இதனினும் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. ஆனால் மாற்றார் எழுத்தின்மீது இதனைப் பாய்ச்சுவது எளிது. நாம் போற்றும் எழுத்தின்மீது வைத்துப் பார்ப்பதே கடினம். எனவே அல்-ஹிலாலை எடுத்துக்கொள்கிறேன்.

மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவ்வார இதழைக் கல்கத்தாவில் 1912 ஜூலை 13 அன்று தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. ஜுர்ஜி ஸைதான் 1892இல் கெய்ரோவில் தொடங்கிய ஏட்டுக்கும் இதே பெயர்தான். கல்லச்சில் ஓடும் எழுத்துக்குப் பழகியிருந்த உர்தூ வாசகர் கையில், ஆஸாத் எகிப்திய ஏடுகளைப் போல் வார்ப்பெழுத்தில் அச்சிட்ட, படங்கள் நிறைந்த இதழைக் கொடுத்தார். 1911இல் இத்தாலி திரிப்போலியின்மீது படையெடுத்தது. மறு ஆண்டு பால்கன் போர் மூண்டது. அப்போர்க்களங்களின் படங்களும் வீரர்களின் வரலாறுகளும் வாரந்தோறும் வந்தன. இரண்டே ஆண்டுகளில் வாரம் 26,000 படிகள் விற்றதாக மௌலானாவே தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

அவ்விதழின் கட்டுரைகளை வாய்விட்டுப் படிக்கும்போது முதலில் நம்மை ஆட்கொள்வது ஓசை. வினாவுக்குமேல் வினா, விளிக்குமேல் விளி. இடையிடையே திருமறை வசனங்கள். வசனங்கள் அங்கு வெறும் மேற்கோள்களாக நிற்பதில்லை. சில இடங்களில் ஆசிரியரின் வாக்கியம் எங்கே முடிகிறது, இறைவாக்கு எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாதபடி பின்னப்பட்டிருக்கும். அரபியறிந்தவன் என்ற முறையில் இவ்வழகில் நான் மயங்குகிறேன். ஆயினும் ஈஸாகோஜி மாணவன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். வசனம் உண்மை, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஆங்கில அரசிடம் 1912இல் முஸ்லிம்கள் எவ்வழியில் நடந்துகொள்ள வேண்டும் என்பது வசனமன்று; அது ஆசிரியரின் முடிவு. வசனத்தின் கண்ணியம் முடிவின்மேலும் ஏறிக்கொள்கிறது. அலீகர் வழியில் நின்று அம்முடிவை மறுத்தவர், மறையையே மறுப்பவர்போல் வாசகர் கண்ணுக்குப் பட்டிருப்பார். அம்முடிவு சரியானதே என்பது என் கருத்து. சரியான முடிவுக்கும் அதற்குரிய சான்று வேண்டும் என்பதே இங்கு வழக்கு.

கான்பூர் நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும். சாலையை அகலப்படுத்துவதற்காக மச்சிலி பஜார் பள்ளிவாசலின் ஒளுச் செய்யும் பகுதி 1913 ஜூலை 1 அன்று இடிக்கப்பட்டது. ஆகஸ்ட் 3 அன்று அங்குத் திரண்ட மக்கள்மீது காவல்துறை சுட்டது, பலர் மாண்டனர். ஒளுச் செய்யுமிடம் பள்ளிவாசலின் பகுதியாகாது என்பது மாகாணத் துணை ஆளுநர் ஜேம்ஸ் மெஸ்டன் தரப்பின் வாதம். இது பார்வைக்கு ஜதல், உண்மையில் முகாலதா. ‘பள்ளிவாசல்’ என்ற சொல் தொழும் கூடத்தையும் குறிக்கும், வக்ஃபு செய்யப்பட்ட முழு இடத்தையும் குறிக்கும். முதற்பொருளில் தொடங்கி இரண்டாம் பொருளில் முடிக்கிறார்கள். இந்தப் புரட்டை அமைதியாக எடுத்துக்காட்டியிருந்தாலே வழக்கில் பாதி வென்றிருக்கும்.

அல்-ஹிலாலில் வந்த கட்டுரை வேறு வழியிற் சென்றது. அதன் தலைப்பு ‘மஷ்ஹதே அக்பர்’. ஷஹீதானோர் வீழ்ந்த மாபெருங்களம் என்று பொருள். இத்தலைப்பைக் கண்டதுமே கர்பலா நினைவுக்கு வரும். சாட்சி விசாரணைக்கு முன்பே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. ஐந்தனுள் இது ஷிஃர். இன்னொன்று: அவ்விதழில் கட்டுரைகள் பலவும் பெயரின்றியே வரும். ‘நாம்’ என்று அவை பேசும்போது அந்த ‘நாம்’ ஆஸாத் என்றே நாடு கொண்டது. இக்கட்டுரையை எழுதியவரோ அப்போது அவ்விதழில் பணியாற்றிய சையித் சுலைமான் நத்வி என்று பின்னர் எடுத்துரைக்கப்பட்டது. யார் எழுதினால் என்ன என்று கேட்கலாம். கிதாபத்தின் வலிமை முழுவதும் சொல்பவர்மீது வைத்த நம்பிக்கையில் இருக்கும்போது, சொல்பவர் யார் என்பது சிறு செய்தியன்று.

அந்த அக்டோபரில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு கான்பூர் வந்து, நடைபாதைக்கு மேலே உயர்த்திக் கட்டிய தளத்தில் ஒளுச் செய்யுமிடத்தை அமைத்துக்கொள்ள இசைந்தார், சிறைப்பட்டோரும் விடுவிக்கப்பட்டனர். அந்த இசைவுக்குப் பின்னால் நாடெங்கும் எழுந்த கொதிப்பு இருந்தது. கிதாபத்தும் ஷிஃரும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. மக்களை அவர்களின் இம்மை மறுமை நன்மைகளின்பால் ஈர்ப்பதே கிதாபத்தின் நோக்கம் என்று நம் தருக்க நூலாரே கூறியுள்ளனர்.

அதே காலத்தில் மௌலானா முஹம்மது அலீயின் ‘காம்ரேட்’ ஆங்கிலத்தில் வேறு முறையைக் கையாண்டது. உலகப் போர் தொடங்கியதும் லண்டன் ‘டைம்ஸ்’ ஏடு, துருக்கியர் எப்பக்கம் தேர்வது என்பது குறித்து எழுதியது. அதே தலைப்பையே எடுத்துக்கொண்டு 1914 செப்டம்பர் 26 அன்று முஹம்மது அலீ மறுமொழி வெளியிட்டார். அது தேர்ந்த ஜதல். எதிரி ஒப்புக்கொள்ள வேண்டிய செய்திகளையே எடுத்து, துருக்கிக்கு ஆங்கிலேயர் இழைத்த தீங்குகளை வரிசைப்படுத்துகிறார். போரில் இறங்க வேண்டாம் என்பதே துருக்கியருக்கு அவர் அறிவுரை. ஆனால் அறிவுரை ஒரு பக்கம் இழுக்க, குற்றப்பட்டியல் மறுபக்கம் இழுக்கிறது. படித்து முடித்தவர் உள்ளத்தில் நிற்பது பட்டியல்தான். அரசும் அதைத்தான் படித்தது.

அரசின் மறுமொழி ஐந்து வகையிலும் சேராதது. 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டப்படி காம்ரேடின் ஜாமீன் தொகை பறிமுதலானது. அல்-ஹிலாலிடம் முன்பே வாங்கிய 2,000 ரூபாயும் பறிபோயிற்று; புதிதாக 10,000 கேட்கப்பட்டது. 1914 நவம்பரில் இதழ் நின்றது.

கால் நூற்றாண்டு கழித்து, 1940இல், ஆஸாத் காங்கிரஸ் தலைவரானார். அவ்வாண்டு ஜூலையில் அவர் அனுப்பிய தந்திக்கு ஜின்னா அனுப்பிய மறுதந்தி ஏடுகளில் வெளியாயிற்று. காங்கிரஸ் காட்சிக்கு நிறுத்தியிருக்கும் முஸ்லிம் பொம்மை என்ற கருத்துப்பட அதில் ஒரு சொல் இருந்தது. வாதமே இல்லை, வெறும் பெயர், தேனைக் கசப்பென்ற அதே வித்தை. அப்பெயர் ஊரூராகப் பரவியது. தலைப்பைக் கண்டதும் உருகவும் கொதிக்கவும் 1912 முதல் பழகிய வாசகர் தலைமுறை ஒன்று அப்போதும் உயிரோடிருந்தது. அவர்களுக்கு அந்தப் பழக்கத்தை ஊட்டியவர்களுள் ஆஸாதும் ஒருவர் என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இப்போது நான் ஈஸாகோஜியை ஷவ்வாலில் அதன் கடைசிப் பக்கங்களிலிருந்தே தொடங்குகிறேன். வரும்போது அன்றைய நாளிதழ் ஒன்றையும் கொண்டுவருமாறு மாணவர்களிடம் சொல்லிவைப்பது வழக்கம்.