அனுப்பும் நரம்பா, ஏற்கும் உயிரணுவா? தன்னியக்க நரம்பு மருந்தியலில் ஏற்பிக் கோட்பாட்டின் வரலாறு (1878–1964)

ஆய்வுச் சுருக்கம்

தன்னியக்க நரம்பு மண்டலத்தைச் சார்ந்து செயற்படும் மருந்துகள் உயிரணுவிலுள்ள ஏற்பிகளோடு இணைந்தே விளைவை உண்டாக்குகின்றன என்பது இன்று மருந்தியலின் தொடக்கப் பாடம். இக்கருத்தின் முதல் வடிவம் 1878இல் தோன்றியது. புதிய மருந்தொன்றைத் திட்டமிட்டு ஆக்குவதற்கு அது வழிகாட்டியது 1960களில்தான். இத்தாமதத்திற்குச் சான்றுக் குறைவைவிட, விளைவு வேறுபாட்டின் காரணத்தை நரம்பு வெளியிடும் பொருளிலேயே தேடிய மனப்போக்கே முதன்மையான காரணம் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: தன்னியக்க நரம்பு மண்டலம், ஏற்பி, அட்ரினலின், லாங்லி, டேல், ஆல்குவிஸ்ட், புரோப்ரனலால்.

முன்னுரை

அட்ரினலின் தோலின் இரத்த நாளங்களைச் சுருக்குகிறது. மூச்சுக்குழல் தசையைத் தளர்த்துகிறது. இதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. குடலின் அசைவை அடக்குகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் தூண்டியாகவும் வேறோரிடத்தில் தடுப்பானாகவும் இருப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு இருவகையில் விடை தேட முடியும். உறுப்பைச் சென்றடையும் பொருள் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது எனலாம். அல்லது பொருள் ஒன்றே, அதனை ஏற்கும் உயிரணுதான் வேறுபடுகிறது எனலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருந்தியலறிஞர் பெரும்பாலோர் முதல் வழியிலேயே நடந்தனர்.

பாடநூல்கள் இவ்வரலாற்றை ‘1948இல் ஆல்குவிஸ்ட் ஆல்ஃபா, பீட்டா ஏற்பிகளைக் கண்டறிந்தார்’ என்னும் ஒற்றைத் தொடரில் முடித்துவிடுகின்றன. ஏற்பிக் கருத்து நெடிய பூசலுக்கிடையே வளர்ந்ததனைப் பாரஸ்கண்டோலா, மேலே, புரூல், ஹாலிவெல் முதலிய வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். அப்பூசலின் ஓர் இழையை மட்டுமே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

லாங்லியின் ஏற்புப்பொருள்

கேம்பிரிட்ஜ் உடலியங்கியலறிஞர் ஜான் நியூபோர்ட் லாங்லி (1852–1925) பூனையின் தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பியில் இரு நஞ்சுகளின் விளைவை ஆராய்ந்தார். பைலோகார்பின் உமிழ்நீரைப் பெருக்கியது. அட்ரோபின் அதனை நிறுத்தியது. அட்ரோபினால் நின்ற சுரப்பைப் போதிய அளவு பைலோகார்பின் கொடுத்து மீட்கவும் முடிந்தது. வெற்றி எந்தப் பொருளுக்கு என்பதை அவற்றின் அளவே முடிவு செய்தது. இதிலிருந்து, நரம்பு முனையிலோ சுரப்பி உயிரணுவிலோ உள்ள ஏதோவொரு பொருளோடு இவ்விரண்டும் சேர்மங்களை உண்டாக்க வல்லன என 1878இல் அவர் எழுதினார். எந்தப் பொருள், எங்கே இருக்கிறது என்பனவற்றை அவர் திறந்தே விட்டார்.

ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து அவர் அவ்வினாவுக்குத் திரும்பினார். இடையில், 1898இல், ‘தன்னியக்க நரம்பு மண்டலம்’ என்னும் பெயரையே அவர் உருவாக்கியிருந்தார். ஆயினும் 1905ஆம் ஆண்டின் தீர்வான சோதனையை அவர் நிகழ்த்தியது கோழியின் கால் தசையில். அது தன்னியக்க நரம்பின் ஆளுகைக்கு உட்பட்ட தசையன்று. நிக்கோட்டின் அத்தசையைச் சுருக்கியது. குராரே அச்சுருக்கத்தை நீக்கியது. தசைக்குச் செல்லும் நரம்பை வெட்டி, அதன் முனைகள் சிதையும்வரை காத்திருந்த பின்னரும் அதுவே நிகழ்ந்தது. எனவே நிக்கோட்டின் செயற்படுமிடம் நரம்பு முனையன்று. குராரே செலுத்திய தசை, நேரடி மின்தூண்டலுக்கு அப்போதும் சுருங்கியது. எனவே சுருங்கும் பொருளும் அவ்விடமன்று. இரண்டையும் விலக்கியபின் எஞ்சுவதனை லாங்லி ‘ஏற்புப்பொருள்’ என்றார்.

அதே ஆண்டில் அவர் எழுதிய மற்றொரு கருத்து பின்னாளில் போதிய கவனம் பெறவில்லை. ஓர் உயிரணு தூண்டலுக்குரிய ஏற்புப்பொருளையோ தடுப்புக்குரிய ஏற்புப்பொருளையோ இரண்டையுமோ ஆக்கிக்கொள்ளக்கூடும். இவ்விரண்டில் எது எவ்வளவு தாக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே நரம்புத் துடிப்பின் விளைவு அமையும் என்றார் அவர். 1948இல் சொல்லப்பட்ட கருத்தின் எலும்புக்கூடு 1905இலேயே உருவாகிவிட்டது எனக் கூறுவது மிகையாகாது.

ஈண்டுச் சொல்லாட்சி பற்றி ஒன்று குறிப்பிட வேண்டும். தமிழில் நாம் வழங்கும் ‘ஏற்பி’ என்னும் சொல், லாங்லியின் ஏற்புப்பொருளையும் பால் ஏர்லிக்கின் ஏற்பியையும் வேறுபாடின்றிக் குறிக்கிறது. ஏர்லிக்கின் சொல் நோயெதிர்ப்பியலிலிருந்து வந்தது. நச்சுப்பொருள் உயிரணுவின் பக்கச்சங்கிலியோடு இறுகப் பிணைகிறது என 1897இல் கூறிய அவரே, மருந்துகளுக்கு அக்கருத்தை விரிக்கப் பல்லாண்டுகள் மறுத்தார். கரைப்பான்களைக் கொண்டு மருந்தைத் திசுவிலிருந்து பிரித்தெடுக்க முடிகிறதே என்பது அவர்தம் தடை. 1907இல்தான் மருந்துகளுக்கும் ஏற்பிகள் உண்டென அவர் ஒப்பினார். இரு மரபுகளையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது, இத்தயக்கத்தின் வரலாறு கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

டேலின் சான்றும் தயக்கமும்

ஏற்பிக் கருத்துக்கு அக்காலத்தில் கிடைத்த மிக வலுவான சான்று, அதனை ஏற்க மறுத்தவரிடமிருந்தே வந்தது. லாங்லியிடம் பயின்ற ஹென்றி டேல், வெல்கம் உடலியங்கியல் ஆய்வகத்தில், ரை தானியத்தில் வளரும் எர்காட் என்னும் பூஞ்சையின் சாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். தரச் சோதனைக்கென அவரிடம் வந்த அட்ரினல் சுரப்பிச் சாற்றை, முன்பே எர்காட் செலுத்தியிருந்த பூனைக்கு அவர் செலுத்தினார். உயர வேண்டிய இரத்த அழுத்தம் தாழ்ந்தது. மாதிரி தரமற்றது என அதனைக் கழித்தார். மறுவாரம் வந்த மாதிரியிலும் அவ்வாறே நிகழ்ந்த பின்னரே, குறை சாற்றில் இல்லை, பூனையின் நிலையில் உள்ளது என்பது தெளிவாயிற்று. 1906இல் வெளிவந்த அவர் கட்டுரை இதனை முறையாக நிறுவியது: எர்காட், அட்ரினலினின் தூண்டல் விளைவுகளை முடக்குகிறது, தடுப்பு விளைவுகளைத் தீண்டுவதில்லை.

ஒரே பொருளின் இருவேறு விளைவுகளில் ஒன்றை மட்டும் அடைக்க முடியுமாயின், அப்பொருள் பற்றும் இடங்கள் இரண்டு என்பதே எளிய முடிபு. டேல் அம்முடிபின் வாயில்வரை வந்து நின்றார். 1910இல் ஜார்ஜ் பார்கருடன் இணைந்து, பரிவு நரம்பின் செயலை ஒத்த விளைவுடைய அமைன்களை ஒப்பிட்டபோதும் அவர் ஏற்பி விளக்கத்தை ஏற்கவில்லை. 1943இல்கூட, சில உயிரணுக்களுக்கு அட்ரினலின்பால் தனி ஈர்ப்பு உண்டென்பது நேரிய உய்த்துணர்வே. ஆயின் அவற்றுக்கு ‘அட்ரினலின் ஏற்பிகள்’ உண்டென்பது அதனையே வேறு சொற்களால் திரும்பக் கூறுவதன்றி வேறென்ன என்று ஐயுற்றார். இது பிடிவாதமன்று; கண்ணால் காணாத, பிரித்தெடுக்க இயலாத ஒன்றுக்குப் பெயரிடுவதாலேயே விளக்கம் கிடைத்துவிடாது என்னும் சோதனையாளரின் எச்சரிக்கை. ஆனால் அவ்வெச்சரிக்கையின் விலை பெரிது. டேலின் மதிப்பு ஓங்கியிருந்த துறையில், அவர் ஐயுற்ற கருத்தை எடுத்துச்செல்ல ஆளில்லாமற் போயிற்று.

இரண்டு சிம்பதின்கள்

1921இல் ஓட்டோ லோவி, தவளையின் இரு இதயங்களைக் கொண்டு நரம்பு வேதிப்பொருளை வெளியிடுகிறது என்பதைக் காட்டினார். 1936இல் அவரும் டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவ்வெற்றியே ஏற்பிக் கருத்துக்கு மறைமுகத் தடையாயிற்று என்பது இக்கட்டுரையின் கருத்து. கடத்திப் பொருளைச் சேகரிக்கலாம், அளக்கலாம். ஏற்பியை அவ்வாறு செய்ய இயலாது. ஆய்வாளரின் கண் கையில் சிக்கும் பொருளை நோக்கித் திரும்பியது.

ஹார்வர்டில் வால்டர் கேனனும் மெக்சிகோ நாட்டவரான ஆர்ட்டூரோ ரோசன்புளூத்தும் 1933இல் முன்வைத்த கோட்பாடு இத்திருப்பத்தின் உச்சம். நரம்பு வெளியிடும் பொருள், உயிரணுவிலுள்ள ஒரு பொருளோடு கூடித் தூண்டும் சிம்பதினாகவோ தடுக்கும் சிம்பதினாகவோ மாறி இரத்தத்தில் கலக்கிறது என்றனர் அவர்கள். உயிரணுவின் பங்கை அவர்கள் முற்றிலும் மறுக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும் படித்தவர் மனத்தில் தங்கியது ‘இரண்டு கடத்திகள்’ என்பதே. 1946இல் உல்ஃப் வான் ஆய்லர், பரிவு நரம்பின் கடத்தி நார்அட்ரினலின் என நிறுவியபோது இச்சிக்கலின் பெரும்பகுதி அவிழ்ந்தது. ஆனால் விளக்கத்தை அனுப்பும் பக்கத்தில் தேடும் பழக்கம் உடனே மாறிவிடவில்லை.

வரிசை தலைகீழாதல்

அமெரிக்காவின் அகஸ்டா நகரில் மருத்துவக் கல்லூரியொன்றில் பணியாற்றிய ரேமண்ட் ஆல்குவிஸ்ட் (1914–1983), கருப்பைத் தசையைத் தளர்த்தும் மருந்தொன்றைத் தேடியவர். அட்ரினலின், நார்அட்ரினலின், ஐசோபிரினலின் உள்ளிட்ட நெருங்கிய உறவுடைய சில அமைன்களைப் பல உறுப்புகளில் ஒப்பிட்டு, வீரியத்தின்படி வரிசைப்படுத்தினார். உறுப்புக்கொரு வரிசை கிடைத்திருந்தால் அது வெறும் குழப்பம். கிடைத்தவை இரண்டே வரிசைகள். நாளச் சுருக்கம் முதலிய விளைவுகளில் ஐசோபிரினலின் கடைசியில் நின்றது. நாள விரிவு, இதயத் தூண்டல் முதலியவற்றில் அதுவே முதலில் நின்றது. முதல் வரிசைக்குரிய ஏற்பியை ஆல்ஃபா என்றும் இரண்டாவதற்குரியதைப் பீட்டா என்றும் அவர் பெயரிட்டார்.

இப்பெயரீட்டில் ஒரு நுட்பம் உண்டு. ஆல்ஃபா பெரும்பாலும் தூண்டுவது. ஆனால் குடலை அடக்குகிறது. பீட்டா பெரும்பாலும் தடுப்பது. ஆனால் இதயத்தைத் தூண்டுகிறது. தூண்டல், தடுப்பு என்னும் பழைய இருமையைக் கைவிட்டு, பொருளற்ற கிரேக்க எழுத்துகளை அவர் தேர்ந்ததால்தான் இதயம் தன் உரிய இடத்தைப் பெற்றது. டேலின் பூனையும் விளக்கம் பெற்றது: எர்காட் ஆல்ஃபாவை அடைத்தது, அடைபடாத பீட்டா நாளங்களை விரித்து அழுத்தத்தைத் தாழ்த்தியது.

அக்கட்டுரையை முதன்மையான மருந்தியல் இதழ் திருப்பியனுப்பியது, நண்பர் டபிள்யூ. எஃப். ஹாமில்டனின் துணையால் 1948இல் அமெரிக்க உடலியங்கியல் இதழில் அது வெளிவந்தது என ஆல்குவிஸ்டே பின்னாளில் எழுதினார். சிம்பதின் ஒன்றே, அது அட்ரினலினே என அக்கட்டுரை முடிபு கூறியது. கடத்தியைப் பற்றி அவர் கூறியது பிழை; ஏற்பிகளைப் பற்றிய முடிபு நின்றது. இரண்டும் ஒரே கட்டுரையில் அமைந்தது, கடத்தி எது என்று அறியாமலே ஏற்பியை வகைப்படுத்த முடியும் என்பதற்கு நல்ல சான்று.

இதயத்தின் தேவையைக் குறைத்தல்

பத்தாண்டுகள் அக்கட்டுரை பெரிதும் மேற்கோள் காட்டப்படாமலே கிடந்தது. 1954இல் டிரில் பதிப்பித்த மருந்தியல் பாடநூலில் ஆல்குவிஸ்ட் எழுதிய இயலின்வழி இக்கருத்து ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிளாக்கை எட்டியது. இதய வலிக்கு அக்காலத்தில் நாளங்களை விரித்து உயிர்வளி வரத்தைப் பெருக்கவே மருத்துவர் முயன்றனர். பிளாக் மறுதலையாக, இதயத்தின் உயிர்வளித் தேவையைக் குறைக்க எண்ணினார். இதயத்தைத் தூண்டுவது பீட்டா ஏற்பியாயின், அதனை அடைத்தால் போதும். 1958இல் எலி லில்லி நிறுவனத்தார் வெளியிட்ட டைகுளோரோஐசோபிரினலின் அத்தகைய அடைப்பு இயலும் எனக் காட்டியது. ஆயினும் அதுவே இதயத்தை ஓரளவு தூண்டவும் செய்தது. ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பிளாக் குழுவினர் ஆக்கிய புரோனெத்தலால் 1962இல் அறிவிக்கப்பட்டது. சுண்டெலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. 1964இல் புரோப்ரனலால் வந்தது.

ஏற்பிக் கருத்தின் வலிமை அம்மருந்தின் தீங்கிலும் வெளிப்பட்டது. மூச்சுக்குழலைத் தளர்த்துவதும் பீட்டா ஏற்பியே ஆதலின், ஆஸ்துமா நோயாளிகளுக்குப் புரோப்ரனலால் மூச்சுத்திணறலை உண்டாக்கியது. 1967இல் லேண்ட்ஸ் குழுவினர், ஆல்குவிஸ்ட் கையாண்ட அதே வரிசைமுறையைக் கொண்டு, இதயத்தின் பீட்டா-1ஐயும் மூச்சுக்குழலின் பீட்டா-2ஐயும் பிரித்தனர்.

ஆல்குவிஸ்டும் பிளாக்கும் 1976இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் 1973இல்கூட ஆல்குவிஸ்ட், ஏற்பி என்பது தம்மளவில் திசுக்களின் மறுவினையை விளக்க வகுத்துக்கொண்ட அருவக் கருத்தே என எழுதினார். டேலின் ஐயத்துக்கு அவர் அவ்வளவு தொலைவில் இல்லை. பீட்டா-2 ஏற்பியின் மரபணுவை லெஃப்கோவிட்ஸ் குழுவினர் பிரித்தெடுத்து, அதன் அமைப்பு விழித்திரையின் ரோடாப்சினை ஒத்திருப்பதைக் கண்டது 1986இல், ஆல்குவிஸ்ட் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின்.