கோப்பை ஜெயிச்சும் வேலை போனது ஏன்? டோட்டன்ஹாம் மேனேஜர் விவகாரத்தில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்த கதை!

17 ஆண்டுகளாக ஒரு கோப்பையைக்கூட தூக்காத கிளப். அந்தக் காத்திருப்பை முடித்து வைத்தார் ஒரு மேனேஜர். கோப்பை கைக்கு வந்த 16-வது நாள், அவரை வேலையிலிருந்து அனுப்பியது அதே கிளப்!

2025 மே, ஜூன் மாதங்களில் இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப்பில் நடந்தது இதுதான். மேனேஜர் பெயர் ஆஞ்சி போஸ்டெகோக்லு. "இவர் இருக்கணும்", "இல்ல, போகணும்" என்று பல மாதங்களாக ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். ஃபைனல் முடிந்த பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. இரண்டு தரப்பும் என்ன சொன்னார்கள்? யார் சொன்னதில் நியாயம் இருந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

மேனேஜர் என்றால் யார்?

கிரிக்கெட்டில் மைதானத்துக்குள் பெரும்பாலான முடிவுகளை கேப்டன் எடுப்பார், கோச் வெளியே இருப்பார். கால்பந்தில் அப்படி இல்லை. யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது, தாக்குதலா தடுப்பாட்டமா, யாரை எப்போது மாற்றுவது என எல்லாமே மேனேஜர் கையில். அதனால் ஜெயித்தாலும் தோற்றாலும் முதலில் அடிபடும் பெயர் அவருடையதுதான்.

ஆனால் அவரை நியமிப்பதும் நீக்குவதும் கிளப் நிர்வாகம். டோட்டன்ஹாமில் 2001 முதல் சேர்மன் பொறுப்பில் இருந்தவர் டேனியல் லெவி. ரசிகர்களுக்கு ஓட்டு கிடையாது; அவர்களிடம் இருப்பது குரல் மட்டும்தான்.

தொடக்கம் எப்படி இருந்தது?

கிரீஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர் போஸ்டெகோக்லு. 2015-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை, 2019-ல் யோகோஹாமா எஃப். மரினோஸ் அணிக்கு ஜப்பான் லீக் பட்டம், 2022-23-ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு ஒரே சீசனில் மூன்று உள்நாட்டுக் கோப்பைகள் என வாங்கிக் கொடுத்துவிட்டு 2023 ஜூனில் டோட்டன்ஹாம் வந்தார்.

வந்ததும் அதிரடி. முதல் 10 லீக் மேட்ச்களில் 8 வெற்றி, 2 டிரா. 26 புள்ளிகளுடன் டேபிளில் முதலிடம். கிளப்பின் நட்சத்திர ஸ்ட்ரைக்கர் ஹாரி கேன் அப்போதுதான் பேயர்ன் மியூனிக்குக்குப் போயிருந்தார். அவர் இல்லாமலே இப்படி ஆடியதால் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

அடுத்து வந்தது 2023 நவம்பர் 6, செல்சீ மேட்ச். டோட்டன்ஹாமில் இரண்டு பேருக்கு சிவப்பு அட்டை. 9 பேர் மட்டுமே மைதானத்தில். அப்போதும் தற்காப்பு வீரர்களை நடுக்கோடு வரை முன்னேற்றி நிறுத்தினார் மேனேஜர். 4-1 என்று தோல்வி. "என்னா துணிச்சல்!" என்று ஒரு கூட்டம் கை தட்டியது. "இது துணிச்சலா, பிடிவாதமா?" என்று இன்னொரு கூட்டம் கேட்டது. பின்னாளில் வெடித்த மொத்த விவாதத்துக்கும் விதை அங்கே விழுந்தது.

அந்த சீசன் 66 புள்ளிகளுடன் 5-வது இடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரித்துப் பார்த்தால், முதல் 10 மேட்சில் 26 புள்ளி, மீதி 28 மேட்சில் 40 புள்ளிதான்.

இரண்டாவது சீசனில் என்ன ஆச்சு?

2024 செப்டம்பரில் பரம எதிரி ஆர்செனலிடம் 1-0 என்று தோற்றார்கள். அதன் பிறகு, பணியாற்றும் இடங்களில் எல்லாம் இரண்டாவது ஆண்டில் தான் கோப்பை ஜெயிப்பது வழக்கம் என்று சொன்னார் போஸ்டெகோக்லு. எதிரணி ரசிகர்களுக்கு இது கிண்டல் பொருளானது.

லீக்கில் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. கோல்கீப்பர் விகாரியோ, தற்காப்பு வீரர்கள் ரொமேரோ, வான் டி வென் என முக்கியமானவர்கள் அடுத்தடுத்து காயம். மிட்ஃபீல்டரான 18 வயது ஆர்ச்சி கிரேயை நடுத் தடுப்பு வீரராக இறக்க வேண்டிய நிலை.

2025 ஏப்ரல் 3, செல்சீ மைதானம். இளம் வீரர் லூகாஸ் பெர்க்வாலை வெளியே எடுத்து பாப் சாரை உள்ளே அனுப்பினார் மேனேஜர். சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். சில நிமிடங்களில் அதே சார் தூரத்திலிருந்து அடித்த பந்து கோலுக்குள் போக, ரசிகர்களைப் பார்த்துக் காதருகே கையை வைத்துக் காட்டினார் போஸ்டெகோக்லு. வீடியோ ரிவியூவில் அந்த கோல் ரத்து. மேட்சும் 1-0 என்று போனது. ரசிகர்களின் ஆரவாரத்தைக் கேட்கவே அப்படிச் செய்ததாக அவர் விளக்கம் சொன்னாலும், பலருக்கு அது நக்கலாகவே பட்டது.

'இருக்கணும்' என்றவர்கள் சொன்னது என்ன?

முதலாவது, காயம். பாதி டீம் சிகிச்சையில் இருக்கும்போது எந்த மேனேஜரால் ஜெயிக்க முடியும் என்று கேட்டார்கள்.

இரண்டாவது, நிர்வாகம். தவறு மேனேஜரிடம் இல்லை, வீரர்களுக்குப் போதிய செலவு செய்யாத லெவியிடம்தான் என்பது இவர்கள் வாதம். 2025 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுடனான மேட்சுக்கு முன் சேர்மனுக்கு எதிராக ரசிகர்கள் போராட்டமே நடத்தினார்கள்.

மூன்றாவது, பழைய கசப்பு. 2019 ஜூனில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரை கொண்டுபோன பொச்செட்டினோவை அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது இந்த கிளப். 2021-ல் மொரீனியோவை லீக் கப் ஃபைனலுக்கு 6 நாள் முன்பு அனுப்பியது. ஃபைனலில் 29 வயது ரயன் மேசன் பொறுப்பேற்க, மான்செஸ்டர் சிட்டியிடம் 1-0 என்று தோற்றார்கள். "ஆளை மாத்தி மாத்தி என்ன கண்டோம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சுலபமாக இல்லை.

'போகணும்' என்றவர்கள் சொன்னது என்ன?

காயம் தானாக வரவில்லை என்றார்கள் இவர்கள். ஓயாமல் ஓட வைக்கும் ஆட்டமுறைதான் வீரர்களின் தசைகளைப் பதம் பார்க்கிறது என்பது இவர்கள் குற்றச்சாட்டு. காயம்பட்டவர்கள் திரும்பி வந்த பிறகும் லீக்கில் முன்னேற்றம் இல்லையே என்றும் கேட்டார்கள்.

இவர்களுடைய பெரிய ஆயுதம் புள்ளிப் பட்டியல். 2024-25 சீசன் முடிவில் டோட்டன்ஹாம் 38 மேட்சில் 11 வெற்றி, 5 டிரா, 22 தோல்வி. 38 புள்ளிகளுடன் 17-வது இடம். அதாவது கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் மூன்று இடங்களுக்கு நேர் மேலே. 38 மேட்ச் கொண்ட பிரீமியர் லீக் சீசனில் 22 மேட்ச் தோற்றும் இறக்கப்படாமல் தப்பிய அணி அதற்கு முன் இல்லை.

ஃபைனலுக்கு முன் கணக்கு எப்படி இருந்தது?

லீக்கில் இப்படித் தடுமாறிய அதே அணி, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைத் தொடரான யூரோப்பா லீக்கில் வேறு முகம் காட்டியது. நெதர்லாந்தின் ஏஇசட் அல்க்மார், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட், நார்வேயின் போடோ/கிளிம்ட் ஆகியவற்றைத் தாண்டி ஃபைனலுக்கு வந்தது. எதிரணி? லீக்கில் அதே அளவு தடுமாறி 15-வது இடத்தில் முடித்த மான்செஸ்டர் யுனைடெட்.

மேட்சுக்கு முன் ரசிகர்கள் போட்ட கணக்கு இதுதான்.

நம்பிக்கை தந்தது: அந்த சீசனில் யுனைடெட்டை மூன்று முறை சந்தித்து மூன்றிலும் வெற்றி. லீக்கில் 3-0, லீக் கப்பில் 4-3, மறுபடி லீக்கில் 1-0.

பயம் தந்தது: ஆட்டத்தை உருவாக்கிக் கொடுக்கும் மேடிசன், குலுசெவ்ஸ்கி, பெர்க்வால் மூவருமே காயத்தால் இல்லை.

பணயம்: ஜெயித்தால் அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீக்கில் இடம். அந்த ஒரு வெற்றியின் மதிப்பு சுமார் 10 கோடி பவுண்ட் என்று பிரிட்டிஷ் ஊடகங்கள் கணக்கிட்டன. தோற்றால் ஐரோப்பியத் தொடர் எதிலுமே இடமில்லை.

இந்த இடத்தில்தான் விவாதம் சிக்கலானது. "ஜெயிச்சா இவரை நீக்க முடியாதே, அப்புறம் லீக்கில் என்ன ஆகும்?" என்ற கவலை ஒரு பக்கம். "17 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை வரப்போகுது, இப்போ போய் இதைப் பேசணுமா?" என்ற கோபம் மறுபக்கம்.

ஃபைனலில் என்ன நடந்தது?

2025 மே 21, ஸ்பெயினின் பில்பாவ் நகரம். இந்திய நேரப்படி மே 22 நள்ளிரவு 12.30 மணிக்கு மேட்ச் தொடங்கியது. 42-வது நிமிடத்தில் பிரெனன் ஜான்சன் கோல். அதன் பிறகு டோட்டன்ஹாம் பின்வாங்கித் தற்காத்தது. யுனைடெட்டின் ஹோய்லண்ட் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் இறங்கும் நேரத்தில், வான் டி வென் காற்றில் பாய்ந்து காலால் வெளியே தள்ளினார். 1-0. கோப்பை டோட்டன்ஹாமுக்கு!

2008 லீக் கப்புக்குப் பிறகு முதல் கோப்பை. 1984-க்குப் பிறகு முதல் ஐரோப்பியக் கோப்பை. கேப்டன் சன் ஹியூங்-மின்னுக்கு கிளப் வாழ்க்கையின் முதல் பெரிய கோப்பை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 9 பேருடன்கூட முன்னேறி ஆடியவர் இந்த ஃபைனலில் கடைசி நேரத்தில் கூடுதல் தற்காப்பு வீரரை இறக்கி கோட்டையைக் காத்தார். "பிடிவாதக்காரர்னு சொன்னீங்களே, மாறிட்டார் பாருங்க" என்றது ஒரு தரப்பு. "இதை லீக்கில் ஏன் செய்யலை?" என்று திருப்பிக் கேட்டது மறு தரப்பு. ஒரே மேட்ச், இரண்டு பேருக்கும் சாட்சி!

அப்புறம் ஏன் நீக்கினார்கள்?

வடக்கு லண்டனில் மே 23-ல் வெற்றி ஊர்வலம். நல்ல டிவி தொடர்களில் இரண்டாவது சீசனைவிட மூன்றாவது சீசன் சிறப்பாக இருக்கும் என்று அங்கே பேசி கைதட்டல் வாங்கினார் போஸ்டெகோக்லு. இரண்டே நாளில், லீக்கின் கடைசி மேட்சில் சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 4-1 என்று தோல்வி. ஜூன் 6-ல் நீக்கம் அறிவிக்கப்பட்டது.

கிளப் தன் அறிக்கையில் முன்வைத்த காரணம் ஒரு கணக்கு: கடைசி 66 லீக் மேட்சில் 78 புள்ளிகள். அந்த அட்டகாசமான முதல் 10 மேட்ச்களைக் கழித்துவிட்டால் வரும் எண் இது. மேட்சுக்குச் சராசரியாக 1.18 புள்ளி. முழு சீசனுக்கு நீட்டினால் சுமார் 45 புள்ளி. டேபிளின் கீழ்ப்பாதியில்தான் இடம் கிடைக்கும்.

கோப்பை ஒரு சில மேட்ச்களின் முடிவு. லீக் 38 மேட்ச்களின் முடிவு. உணர்ச்சியை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதுதான் நிர்வாகத்தின் நிலைப்பாடு. புதிய மேனேஜராக பிரென்ட்ஃபோர்ட் கிளப்பில் இருந்த தாமஸ் ஃபிராங்க் நியமிக்கப்பட்டார்.

இதற்கு முன்னால் இப்படி நடந்திருக்கிறதா?

நிறைய. 2016-ல் எஃப்ஏ கோப்பை ஜெயித்த இரண்டாவது நாளே லூயி வான் கால் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து நீக்கப்பட்டார். 2012-ல் செல்சீக்கு சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்த டி மாத்தியோ, சுமார் ஆறு மாதம்தான் தாக்குப்பிடித்தார்.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. 2023-24 லீக்கில் யுனைடெட் 8-வது இடம். ஆனால் எஃப்ஏ கோப்பை ஃபைனலில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வீழ்த்தியது. அந்த வெற்றியால் மேனேஜர் எரிக் டென் ஹாக் தப்பித்தார், ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் 2024 அக்டோபர் 28-ல், அணி 14-வது இடத்தில் இருந்தபோது அவரை அனுப்பினார்கள். டோட்டன்ஹாம் நிர்வாகத்தை ஆதரித்தவர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டியது இதைத்தான்.

மறு தரப்பு சொல்லும் பெயர் அலெக்ஸ் பெர்குசன். 1986 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்தவர். மூன்று ஆண்டு கோப்பை இல்லை. அவரைப் போகச் சொல்லி மைதானத்திலேயே பேனர் காட்டினார்கள். 1990-ல் எஃப்ஏ கோப்பை வந்தது, 1993-ல் லீக் பட்டம், 2013-ல் ஓய்வு பெறும்போது 38 கோப்பைகள். பொறுமைக்குப் பலன் கிடைத்த கதை இது. ஆனால் பொறுத்திருந்தும் எதுவும் நடக்காத மேனேஜர்களின் பெயர்கள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மேனேஜரை மாற்றினால் அணி மாறுமா?

நெதர்லாந்து பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரை டச்சு லீக்கை ஆராய்ந்தார். மேனேஜரை நீக்கிய அணிகளையும், அதே மாதிரி தொடர் தோல்வி அடைந்தும் நீக்காத அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டு வந்தன. அதாவது, மிக மோசமான கட்டத்தில்தான் நீக்கம் நடக்கிறது. அதற்குக் கீழே போவது கடினம். புது ஆள் வந்ததும் கிடைக்கும் வெற்றி, பழையவர் இருந்திருந்தாலும் கிடைத்திருக்கலாம்.

இதனால் யாரையும் நீக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. நீக்கம் மட்டுமே மருந்து இல்லை என்றுதான் அர்த்தம்.

கடைசியில் யார் சொன்னது சரி?

போஸ்டெகோக்லு 2025 செப்டம்பர் 9-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மேனேஜரானார். 8 மேட்ச், ஒரு வெற்றிகூட இல்லை. 39 நாளில் அங்கிருந்தும் நீக்கம். 'போகணும்' தரப்பு "அப்பவே சொன்னோம்ல" என்றது. ஆனால் சீசன் நடுவில், வேறு பாணிக்குப் பழகிய அணியில் 39 நாள் என்பது ஒருவரை எடைபோடப் போதுமா என்ற கேள்வியும் எழுந்தது. அவரை நீக்கிய லெவியும் செப்டம்பர் 4-ல் சேர்மன் பதவியிலிருந்து விலகிவிட்டார்.

உண்மையில் இரண்டு தரப்பும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'இவர் செய்ததற்கு நன்றி சொல்லணுமா?' என்பது ஒரு கேள்வி. 'அடுத்த சீசனுக்கு இவர் சரியான ஆளா?' என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு, இரண்டாவதற்கு 'இல்லை' என்று சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை.

அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த அணியின் மேனேஜர் பற்றி இப்படி ஒரு சண்டை வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். கடைசி ஐந்து மேட்சை மட்டும் பார்க்காமல் ஒரு முழு சீசன் அளவுக்குப் புள்ளிக் கணக்கு. காயம்பட்டவர்கள் திரும்பிய பிறகு ஆட்டம் மாறியதா இல்லையா. நீக்கினால் அடுத்து வரப்போவது யார். இதில் மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் "வெளியே போ" என்று கோஷம் போடுவது சுலபம். அடுத்த சனிக்கிழமை மேட்சுக்கு அது உதவாது.