மருதம்பட்டை

ஆற்றங்கரைகளில் 25 மீட்டர் வரை உயர்ந்து வளரும் மருத மரத்தின் (டெர்மினாலியா அர்ஜுனா) பட்டை. திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரமும் இம்மரமே. ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் இப்பட்டையை இதயத்திற்குரிய மருந்தாகக் கொள்கின்றன. ஆயுர்வேத நூலாசிரியர் வாக்படர் காலம் முதல் அந்தப் புகழ் இதற்கு உண்டு. பட்டைத்தூளுடன் பாலும் நீரும் சேர்த்து, நீர் வற்றிப் பால் மட்டும் எஞ்சும்வரை காய்ச்சும் பால்கஷாயம் பழைய முறை. இன்று சூரணமாகவும் மாத்திரையாகவும் கடைகளில் கிடைக்கிறது.

பட்டையில் அர்ஜுனோலிக் அமிலம், டானின்கள், ஃபிளேவனாய்டுகள் உள்ளன. நெஞ்சுவலி, இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் சிறிய ஆய்வுகள் சில நற்பலன் காட்டின. ஆனால் 2016இல் வெளியான புதுதில்லி எய்ம்ஸ் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு 12 வாரம் இதை உட்கொண்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இதயத்தின் இரத்தம் வெளியேற்றும் திறன் போலி மருந்தை விட மேம்படவில்லை. மரபின் புகழுக்கு ஈடான சான்று இன்னும் சேரவில்லை என்பதே நேர்மையான கணிப்பு.

வயிற்றெரிச்சல், மலச்சிக்கல், தலைவலி சிலருக்கு வரலாம். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து, இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுப்போர் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. திடீர் நெஞ்சுவலிக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருப்பது ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.